ஒப்பு ஊர்

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் மாட்டியிருக்கிறது. அதில் பச்சைக் குண்டூசி குத்தியிருக்கும் ஊர்களுக்கு வளர்ச்சி நிதி போகும். சாம்பல் குண்டூசி குத்தியிருக்கும் ஊர்களுக்கு ஒரு சல்லிக்காசு போகாது, அவற்றை நாங்கள் எண்ண மட்டும் செய்வோம். குண்டூசிகளைக் குத்துகிற கை என்னுடையது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து, பல்லாங்குழி ஆடுகிற மாதிரி இருக்கிறதே என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

கிராமங்களுக்குப் போன பணத்தால் அங்கே எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை கடையும் பட்டறையும் புதிதாக முளைத்தன என்று அளந்து சொல்வது என் பிழைப்பு. பணம் போன ஊரை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். நல்ல மழை பெய்தாலும் கடை பெருகும், புதுச் சாலை போட்டாலும் பெருகும், அதெல்லாம் எங்கள் பணத்தால் வந்தது என்று மார்தட்டிக்கொள்ள முடியாது. அதனால் ஆள்தொகையிலும் வசதியிலும் கூடப்பிறந்தவை போல இருக்கிற இரண்டு ஊர்களை ஜோடி சேர்ப்பேன். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒன்றுக்கு நிதி கொடுப்பார்கள். கிடைக்காதது ஒப்பு ஊர். இரண்டு வருடம் கழித்து இரண்டையும் எண்ணி, ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் அதுதான் நிதியின் பலன்.

இதில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று எட்டி இருக்க வேண்டும். இங்கே நடப்பது அங்கே போய்த் தொடக் கூடாது. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு மேசையைத் தட்டித் தட்டி இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

சொல்லிக்கொடுத்த நானே ஒரு ஜோடியில் அதை மீறினேன். நடுவில் ஒரு கால்வாய், கால்வாயின் மேல் ஒரு பாலம், இந்தக் கரையில் ஒரு ஊர், அந்தக் கரையில் ஒரு ஊர். சைக்கிளில் போகிறவன் பீடி பற்றவைத்தால் அது அணைவதற்குள் அக்கரைக்குப் போய்விடுவான். பேருந்து வசதி கருதி என்று காரணம் எழுதினேன். ஒற்றைத்தாள் அதை ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒற்றைத்தாள் என்பது எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர். எத்தனை பெரிய அறிக்கையானாலும் ஒரு தாளில் கொண்டுவா என்பார், அந்தத் தாளையும் பாதிதான் படிப்பார்.

உண்மைக் காரணம் என் தம்பி. இக்கரை ஊரில்தான் அவன் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய் உட்கார்ந்திருக்கிறான், அங்கேயே வெல்டிங் பட்டறையும் வைத்திருக்கிறான். கல்யாணம் வேண்டாம் என்று நகரத்தில் ஒண்டியாக இருக்கிற எனக்கு அவனை விட்டால் வேறு நாதி கிடையாது. கணக்கெடுப்பு என்ற சாக்கில் மாதத்துக்கு ஒரு தரம் போகலாம், அவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம், ஜீப்பும் அலுவலகத்துடையது. இவ்வளவுதான் என் கணக்கு. சீட்டுக் குலுக்கியபோது அக்கரைக்கு விழுந்தது. தம்பியின் ஊருக்குச் சாம்பல் குண்டூசி. விழுந்ததும் சின்னதாக ஒரு வருத்தம் இருந்தது, அடுத்த ஜோடிக்குப் போனதும் மறந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து எண்ணிக்கை வந்தபோது எல்லா ஜோடிகளையும் தூக்கிச் சாப்பிட்டது இந்த ஜோடிதான். அக்கரைக் கோடு ஏறியிருந்தது, இக்கரைக் கோடு இறங்கியிருந்தது, திரையில் அது விரித்த கத்தரிக்கோல் மாதிரித் தெரிந்தது. மற்ற ஊர்களில் இரண்டு கோடும் ஒட்டி உரசிக்கொண்டு போக, இது ஒன்றுதான் வாயைத் திறந்திருந்தது. அறையில் எல்லாரும் கை தட்டினார்கள். யாரோ டீ சொன்னார்கள். அடுத்த கட்ட நிதி உறுதி என்று ஒற்றைத்தாள் தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இக்கரை ஊரின் வரிகளை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தேன். எங்கள் பட்டியலில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, வீட்டுக்கு ஒரு எண்தான். அதில் ஒரு வரி, வெல்டிங் பட்டறை, மூடப்பட்டது என்றிருந்தது. அந்த ஊரில் பட்டறை இரண்டு. மூடியது அந்த இன்னொன்றாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். அறிக்கை வேலையில் சிக்கி நான் அந்தப் பக்கம் போய்ப் பல மாதமாகியிருந்தது, ஆனால் தம்பியிடம் போனில் பேசும்போதெல்லாம் வேலை இருக்குக்கா, ஓடுது என்றுதானே சொல்கிறான். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்த வரி என் கத்தரிக்கோலை இன்னும் கொஞ்சம் விரித்தது, எனக்கு அது பிடித்திருந்தது. இதை இப்படியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அறிக்கை போவதற்கு முன்னால், கணக்கெடுத்த பிள்ளைகள் உண்மையிலேயே வீடு வீடாகப் போனார்களா அல்லது மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பினார்களா என்று சில வீடுகளைத் திரும்பப் பார்ப்பது வழக்கம். அந்த ஜோடியை நானே எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று தம்பி வீட்டுக்குச் சொல்லவில்லை, திடுதிப்பென்று போய் நின்று அவனை அதட்ட வேண்டும் என்று ஆசை.

பட்டறையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். வழக்கமாக அங்கே கால் வைக்க இடமிருக்காது. பாதி முடிந்த கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி வைக்கிற ஸ்டாண்டு, கோழிக்கூண்டு என்று ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகிடக்கும், தரையெல்லாம் இரும்புத் தூள் நறநறக்கும். இப்போது தரை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. வெல்டிங் மெஷினைச் சாக்குப்போட்டு மூடி, கயிற்றால் கட்டி வைத்திருந்தான். அதை வாங்கும்போது கடையில் அவன் பக்கத்தில் நின்றவள் நான். அன்றைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வருகையில் இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் அவன் படுத்தே கிடந்தான்.

தம்பி பின்பக்கத்திலிருந்து ஒரு பெட்டியோடு வந்தான். என்னைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தான். சின்ன வயதில் பரீட்சைத் தாளை ஒளித்துவைத்தபோது முழித்த அதே முழி.

வேலை இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, மழைக்கு முன்பே மூடிவிட்டானாம். கப்பல் உடைக்கிற இடத்தில் கேஸ் கட்டிங் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், மாதக் கடைசியில் கிளம்புகிறானாம், வருடத்துக்கு ஒரு முறைதான் விடுவார்களாம். நான் வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லையாம். தம்பி மனைவி வீட்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் கொஞ்சம் கூர்மையான பெண், மனதில் ஒன்று வாயில் ஒன்று கிடையாது. அந்த வேலைக்குப் போனவர்களில் எத்தனை பேர் முழு உடம்போடு திரும்பியிருக்கிறார்கள் என்று அவரையே கேளுங்கள் அண்ணி என்றாள். அவன் பெட்டியின் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா மூடுன?" என்று கேட்டேன்.

"அக்கரைல நிதி குடுத்தாங்கள்ல, அதுல ஒரு பட்டறை வந்துச்சுக்கா. பெரிய மெஷினு. பவுடர் கோட்டிங்கு போடுறாங்க, பெயின்ட் மாதிரி உரியாது. நான் பிரஷ்ஷ வச்சுக்கிட்டு என்ன பண்றது? பாலத்தத் தாண்டினா முடிஞ்சுது, எல்லாரும் அங்கதான் போறாங்க."

அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கண்ணாடி எங்கே என்று கேட்டேன். கண்ணாடி என்பது அவனிடம் ஆரம்பத்திலிருந்து வேலை செய்த ஆள், டீ குடிக்கும்போதுகூட வெல்டிங் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கமாட்டார். அவரும் அங்கேதான் இருக்கிறாராம். நான்தான் போகச் சொன்னேன், என்னை நம்பி அவர் குடும்பம் எதற்குப் பட்டினி கிடக்க வேண்டும் என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடியை எங்கள் பிள்ளைகள் அக்கரையில் எண்ணியிருப்பார்கள், இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்தவரா என்று கேட்டிருப்பார்கள், அவரும் ஆமாம் என்றிருப்பார். ஒரு புது வேலை. இக்கரையில் ஒரு பட்டறை மூடப்பட்டது, வேலை செய்தவர் குறைவு. ஒரே ஆள் பாலத்தைத் தாண்டி நடந்துபோனதை ஏறுகிற கோட்டிலும் எழுதி, இறங்குகிற கோட்டிலும் எழுதி, இரண்டையும் கூட்டி நிதியின் பலன் என்று பெயர் வைத்திருக்கிறேன். என் தம்பி நொடித்துப்போனது என் அறிக்கையில் சாதனையாகிவிட்டது. கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

இதற்கு முன் எங்கே வேலை செய்தீர்கள் என்று ஒரு கேள்வி முதலில் இருக்கத்தான் செய்தது. கேள்விகள் அதிகம், வீட்டுக்காரர்கள் எழுந்து போய்விடுகிறார்கள் என்று பிள்ளைகள் முனகினார்கள். எதை எடுக்கலாம் என்று பார்த்து அதை அடித்ததும் நான்தான்.

சாப்பிட உட்கார்ந்தேன். தம்பி மனைவி பரிமாறிக்கொண்டே, இந்த அளக்கிற வேலை முடிந்ததும் எங்கள் பக்கமும் நிதி வருமா அண்ணி என்று கேட்டாள். வந்தால் இவர் போக மாட்டார் என்றாள். பார்க்கலாம் என்றேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். பட்டறையில் கண்ணாடி என்னை அடையாளம் கண்டு ஓடிவந்தார், தம்பி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார், அவர் கையால் டீ வாங்கிக் கொடுத்தார். வேலை செய்யும் மற்றவர்களையும் கேட்டேன். சிலர் உண்மையிலேயே புதிதாகத் தொழில் பழகியவர்கள், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்கள் பாலத்தைத் தாண்டி வந்தவர்கள். ஜீப்பில் திரும்பும்போது மனதுக்குள்ளேயே கோடுகளைத் திருத்திப் போட்டுப் பார்த்தேன். கத்தரிக்கோல் ஏறக்குறைய மூடிக்கொண்டது.

அடுத்த நாள் ஒற்றைத்தாளின் அறைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும் முடிவோடுதான் போனேன். ஜோடி தப்பு, நான் சேர்த்தது தப்பு, எண் தப்பு. இந்த மூன்றையும் வழி நெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் அறை குளுகுளுவென்றிருந்தது. என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அந்த ஒரு தாளை விரலால் தட்டிக் காட்டினார். இந்த ஜோடி ஒன்று போதும், மேலிடத்தில் வாயடைத்துப் போய்விடுவார்கள் என்றார். இரண்டாம் கட்டத்தில் யாருக்குக் கொடுப்பது என்று பேச்சு வந்ததாம். இத்தனை நாள் கொடுக்காமல் காக்கவைத்த ஒப்பு ஊர்களுக்கே முதலில் கொடுப்பதுதான் நியாயம் என்று முடிவாம். நியாயம் என்ற சொல்லை அவர் அவ்வளவு திருப்தியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"எண் சரியா இருந்தா அடுத்த மாசமே போயிடும். இல்லன்னா மொத்தத் திட்டத்துக்கும் பூட்டுதான். உங்களுக்கு இதுல எதாவது சந்தேகம் இருக்கா மேடம்?"

மாதக் கடைசியில் தம்பி கிளம்புகிறான். பூட்டைத் திருகிக்கொண்டிருந்த அவன் விரல்கள் என் கண் முன்னாலேயே இருந்தன.

"இல்ல சார்," என்றேன்.

அவ்வளவுதான். பெரிய போராட்டமெல்லாம் நடக்கவில்லை, நாக்குக்கூடக் குழறவில்லை. வெளியே வந்து கைகழுவுகிற இடத்தில் நின்று முகத்தைக் கழுவினேன், திரும்பத் திரும்பக் கழுவினேன். எதிரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் நடுவயதில் ஒரு படித்த பெண்மணி, கழுத்தில் அடையாள அட்டை. சொந்தத் தம்பி என்றால் நீ மட்டுமென்ன, யாரும் இதைத்தான் செய்வார்கள் என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

வரைபடத்தில் தம்பியின் ஊர்க் குண்டூசியை நானே பிடுங்கிப் பச்சையைக் குத்தினேன். தம்பி கப்பல் உடைக்கப் போகவில்லை. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக் குழுவாகப் பதிந்து நிதி வாங்கினான், பெரிய மெஷின் வந்தது, கட்டிங் மெஷின் வந்தது. பூசிய பவுடரைச் சுட்டு இறுக்குகிற பவுடர் கோட்டிங் அடுப்பு மட்டும் அடுத்த தவணையில். தம்பி மனைவி போனில் அழுதாள். நீங்கள்தான் அண்ணி எங்களைக் கரையேற்றினீர்கள் என்றாள். என்னால் ஒன்றுமில்லை, உங்கள் ஊர் முறை வந்தது என்றேன். அதை அவள் என் அடக்கமென்று எடுத்துக்கொண்டாள்.

மனம் குறுகுறுத்தால் மனிதர்கள் என்னென்னவோ செய்வார்கள். நான் விதி எழுதினேன். இரண்டாம் கட்டத்துக்கு எட்டி எட்டி இருக்கிற ஊர்களாகப் பார்த்து ஜோடி சேர்த்தேன். அடித்த கேள்வியைத் திரும்பச் சேர்த்தேன், பிள்ளைகளின் முனகலைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதோடு நிற்காமல், வேறு இடத்திலிருந்து பிடுங்கி நட்ட வேலையைப் புது வேலையாக எண்ணக் கூடாது என்றும், மூன்று புது வேலையாவது காட்டாத குழுவுக்கு அடுத்த தவணையை நிறுத்திவிட வேண்டும் என்றும் எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். ஒற்றைத்தாள் பாதி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். பொய்யை மூடிவைத்துவிட்டு அதன்மேல் ஒழுங்கான வீடு ஒன்றைக் கட்டியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த தவணைக்கு முன் நடக்கிற முதல் சோதனைக்குத் தம்பியின் ஊருக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கலாம். உறவுக்காரர் இருக்கிற ஊருக்கு நான் போகவே கூடாது, அதுவும் ஒரு விதிதான். ஆனால் ஓடுகிற பட்டறையைக் கண்ணால் பார்க்க ஆசை. என் பாவத்துக்கு ஏதாவது நல்லது விளைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டால் போதும்.

பாலத்தடியிலிருந்தே கிரைண்டர் சத்தம் கேட்டது. ஷட்டர் முழுக்க ஏறியிருந்தது, கேட்டுகள் வாசல் வரைக்கும் சாய்ந்துகிடந்தன, காலடியில் இரும்புத் தூள் நறநறத்தது. தம்பி கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். அக்கா வந்தாச்சு என்று உள்ளே குரல் கொடுத்தான், ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டான், கணக்கெடுப்பு என்றால் முதலில் வேலை, அப்புறம்தான் சாப்பாடு என்று கிண்டல் செய்தான். வேலைக்குச் சேர்ந்திருக்கும் மூன்று ஆட்களையும் ஒவ்வொருவராக அழைத்து என் முன்னால் நிறுத்தினான். எல்லாரும் புது ஆள் அக்கா, எழுதிக்கோ என்று சொன்னபோது அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

முதலில் வந்த இரண்டு பேர் அந்த ஊர்க்காரர்கள்தான், இங்கே வந்து தொழில் பழகியவர்கள். மனம் லேசானது. கடைசியாக வந்தவருக்கு என் வயது இருக்கும். நீலச் சட்டை போட்டிருந்தார். வரும்போது திரும்பி வெல்டிங் கோலை வைத்தார், முதுகில் 'வெல்டிங் ஒர்க்ஸ்' என்று அச்சடித்திருந்தது தெரிந்தது. அதற்கு மேலே கடைப்பெயர் இருந்த இடம் வெளுத்துப்போயிருந்தது. தம்பி கடைக்குச் சட்டை அச்சடிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது.

ஊர் கேட்டேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் வந்துபோகிறேன் என்றார். எங்கள் வரைபடத்தில் அந்த ஊருக்குப் பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை. அது எங்கள் எண்ணிக்கையிலேயே வராத ஊர். எட்டி எட்டிப் பார்த்து ஜோடி சேர்த்தேனே தவிர, நடுவில் கிடக்கிற ஊர்களைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை.

இதற்கு முன் எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"சொந்தமா பட்டறை வச்சிருந்தேங்க," என்றார். "தம்பி இங்க பெருசா போட்டதும் அந்தப் பக்கத்து வேலையெல்லாம் இங்க வந்துடுச்சு. நான் போய்க் கேட்டேன், தம்பி தங்கமான மனுசன், உடனே சேர்த்துக்கிட்டாரு."

அவர் குரலிலும் கோபமே இல்லை. கையுறையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வேலை கேட்டு வந்தவர் போல ஒரு ஓரமாக நின்றார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன், அது கேள்விகளில் இல்லை. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், படுக்கையில் இருக்கிற தகப்பனார் என்றார். அன்றைக்கு ஒற்றைத்தாளின் அறையில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த மனிதரின் சட்டையில் கடைப்பெயர் வெளுக்காமல் இருந்திருக்கும். என் தம்பி கப்பல் உடைத்துக்கொண்டிருப்பான். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை.

தம்பி கிரைண்டரை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கு விதி தெரியும், குழுக்களுக்கெல்லாம் கூட்டம் போட்டுப் படித்துக் காட்டியிருந்தோம்.

"அதையெல்லாம் எழுதணுமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீலச் சட்டைக்காரர் முந்திக்கொண்டார்.

"எழுதாதீங்க மேடம். நான் சும்மா இருந்தேன்னு போட்டுக்கோங்க. எழுதப்போயி இவங்களுக்கு வர்றது நின்னுடுச்சுன்னா, எனக்கு இதுவும் போயிடும்."

பேனா கையில் இருந்தது. அவர் சொன்னபடி சும்மா இருந்தார் என்று எழுதிவிடலாம், அவர் வாயாலேயே சொல்கிறார், யார் கேட்கப்போகிறார்கள். ஒரு தரம் செய்தவள்தானே. எழுதினால் மூன்று இரண்டாகும், அடுத்த தவணை நிற்கும், அடுப்பு வராது. அடுப்பு வராவிட்டால் அக்கரைக்காரர்களுக்கு எதிரில் இவர்கள் எத்தனை நாள் நிற்பார்கள், முதலில் வெளியே போகிறவர் கடைசியாகச் சேர்ந்தவர்தான். எழுதாவிட்டால் ரயில்வே கேட்டுக்கு அப்பால் இன்னும் எத்தனை பட்டறை மூடினாலும் என் கோடு மேலே மேலே ஏறிக்கொண்டேயிருக்கும்.

சொந்தப் பட்டறை, மூடப்பட்டது என்று எழுதினேன். பெரிய உத்தமி மாதிரி எழுதினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது. தம்பிக்கென்றபோது வராத நேர்மை, முன்பின் தெரியாத ஒருவரின் சோற்றில் கை வைக்கும்போது மட்டும் தடையில்லாமல் வந்துவிட்டது. அவர் எட்டிப் பார்த்தார். கையுறையை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டுக்கு உட்காரவில்லை, வேலை இருக்கிறது என்றேன். தம்பி மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தம்பி வழக்கம்போல ஜீப் வரைக்கும் கூட வந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா, போன தடவ நான் பட்டறைய மூடுனேன்ல. அதையும் இப்படித்தான் உள்ளது உள்ளபடி எழுதுனியா? அக்கரைக்காரங்களாலதான் மூடுனேன்னு?"

சின்ன வயதில் எதைச் சொன்னாலும் நம்புகிற முகம் அது, இன்னும் மாறவில்லை. இல்லை என்று சொல்ல வேண்டும். எழுதவில்லையடா, அதனால்தான் உனக்குக் கிடைத்தது, அதனால்தான் அவர் உன்னிடம் கூலிக்கு நிற்கிறார் என்று சொல்ல வேண்டும். ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடியதுதான்.

"ஆமாடா," என்றேன். "அப்படியேதான் எழுதினேன்."

அவன் முகம் தெளிந்துவிட்டது. பெரிதாக மூச்சு விட்டுச் சிரித்தான்.

"அப்புறம் என்ன, அப்படி எழுதியும் குடுத்தாங்கள்ல. நான் ஒரு பைத்தியம், வீணா பயந்துட்டேன். பாவம், அந்த மனுசனுக்குச் சொல்றேன், அவரு வேற உசுரக் கையில புடிச்சுக்கிட்டு இருப்பாரு."

ஜீப் கிளம்புவதற்குள் அவன் பட்டறைக்குள் ஓடிவிட்டான். நீலச் சட்டைக்காரரின் தோளைத் தட்டி ஏதோ சொல்வதும், அவர் நிமிர்ந்து என் பக்கம் பார்த்துக் கும்பிடுவதும் தெரிந்தன. நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். அவர் வெல்டிங் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவர் விவரம் எழுதிய தாள் என் மடியில் இருந்தது.